தென்கிழக்குக் கேன்சஸிலிருந்து மேடைக்கும் திரைக்கும் போனவர்கள்

கேள்வி இது: அமெரிக்கத் திரையுலகிலும் நாடக உலகிலும் பெயர் பெற்றவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைப் படித்தால், வரைபடத்தில் தேடிப் பிடிக்க வேண்டிய சின்னஞ்சிறு ஊர்களே அவர்களின் பிறப்பிடமாக அடிக்கடி வருகின்றன. அந்த ஊர்களில் அப்படி என்ன இருந்தது, அல்லது இதெல்லாம் வெறும் தற்செயலா?

பதிலுக்குள் போகும் முன் ஒரு கணக்கைப் பார்த்துவிட வேண்டும். 1900ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்கர்களில் பத்தில் ஆறு பேர் பண்ணைகளிலோ 2,500 பேருக்கும் குறைவாக வசித்த ஊர்களிலோ வாழ்ந்தார்கள். நகர்ப்புறத்தாரின் எண்ணிக்கை கிராமப்புறத்தாரின் எண்ணிக்கையை முதன்முதலாக முந்தியது 1920 கணக்கெடுப்பில்தான். அதிலும் ஐயாயிரம், பத்தாயிரம் பேர் வாழும் ஊர்கள் எல்லாம் அந்தக் கணக்கில் ‘நகரம்’ என்றே சேர்க்கப்பட்டன. எனவே இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் புகழ்பெற்ற நடிகர்களிலும் நாடக ஆசிரியர்களிலும் சிற்றூர்க்காரர்கள் நிறையப் பேர் இருந்ததில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நாட்டில் பெரும்பாலோர் அப்படித்தான் பிறந்தார்கள்.

ஆகவே ‘சிற்றூரில் பிறந்தார்’ என்ற ஒரு வரி தனியாக எதையும் விளக்காது. எந்த ஊர், எந்தக் காலம், அங்கே என்ன கிடைத்தது, யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்று இறங்கிப் பார்த்தால்தான் உருப்படியான விடை கிடைக்கும். அப்படிப் பார்க்க அமெரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள கேன்சஸ் மாநிலத்தின் தென்கிழக்கு மூலையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. சில மணி நேரத்தில் காரில் சுற்றிவிடக்கூடிய அந்தச் சிறு பரப்பிலிருந்து நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன், நடிகை லூயிஸ் ப்ரூக்ஸ், தொலைக்காட்சி நடிகை விவியன் வான்ஸ், நாடக ஆசிரியர் வில்லியம் இன்ஜ், ஆவணப்பட முன்னோடிகளான மார்ட்டின், ஓசா ஜான்சன் தம்பதியர், இயக்குநரும் ஒளிப்படக் கலைஞருமான கார்டன் பார்க்ஸ் ஆகியோர் வந்திருக்கிறார்கள். எல்லோரும் 1884க்கும் 1913க்கும் இடைப்பட்ட முப்பது ஆண்டுகளுக்குள் பிறந்தவர்கள்.

இந்தப் பட்டியலிலிருந்து ஒருவரை உடனே விலக்கி வைக்க வேண்டியிருக்கிறது. பஸ்டர் கீட்டன் 1895 அக்டோபர் 4 அன்று பிக்வா என்னும் சிற்றூரில் பிறந்தார் என்பது உண்மை. ஆனால் அவருடைய பெற்றோர் மருந்து விற்றுக்கொண்டே ஆட்டமும் பாட்டும் காட்டும் ஒரு நாடோடிக் குழுவோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவர்கள். பிக்வாவில் குழு தங்கியிருந்த நேரத்தில் தாய்க்குப் பிரசவ வலி எடுத்தது, அவ்வளவுதான். குழந்தை அங்கே வளரவே இல்லை. இன்று நூறு பேர்கூட இல்லாத அந்த ஊரில், குடிநீர் வழங்கும் அலுவலகக் கட்டிடத்துக்குள் அவருக்கு ஒரு சிறு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் கீட்டனை உருவாக்கியது பிக்வா என்று சொன்னால் அது பொய். பிறந்த ஊரையும் வளர்ந்த ஊரையும் குழப்பிக்கொள்வதுதான் இந்தத் தலைப்பில் மிகுதியாக நடக்கும் தவறு. ஆயினும் கீட்டனின் பிறப்பு ஒரு செய்தியைச் சொல்லத்தான் செய்கிறது: பிக்வா அளவுள்ள ஊருக்குக்கூட அந்தக் காலத்தில் கலைஞர்கள் வந்தார்கள்.

அவர்களைக் கொண்டுவந்தது ரயில். கேன்சஸின் இந்த மூலையில் பல ரயில் நிறுவனங்களின் தடங்கள் ஒன்றையொன்று வெட்டிச் சென்றன. ரயில் நிற்கும் ஊர்களில், ஒப்பரா யாரும் பாடாவிட்டாலும் ‘ஒப்பரா ஹவுஸ்’ என்று பெயரிட்ட ஒரு மண்டபத்தைக் கட்டினார்கள். ‘தியேட்டர்’ என்ற சொல் அன்றைய தேவாலயப் பக்தர்களின் காதில் நாராசமாக ஒலித்ததால்தான் அந்தக் கௌரவமான பெயர். பயண நாடகக் குழுக்கள், கூடார நாடகங்கள், கோடைக்காலத்தில் சொற்பொழிவும் இசையும் கலந்து நடந்த ஷட்டாக்குவா கூட்டங்கள் என்று ஆண்டு முழுவதும் எதாவது ஒன்று வந்துகொண்டே இருந்தது. 1927க்குப் பிறகு பேசும் படமும், கூடவே வானொலியும், அடுத்துப் பொருளாதாரப் பெருமந்தமும் சேர்ந்து, ஊர் ஊராக வந்த இந்தக் கலைப் பயணங்களை ஏறக்குறைய அழித்தன. அதனால்தான் மேலே சொன்ன முப்பது ஆண்டுக் கணக்கை நான் முக்கியமாக எண்ணுகிறேன். கீட்டனை விலக்கினால் மற்ற ஆறு பேரும், மேடையில் நேரில் நடிக்கும் நடிகர்கள் தங்கள் ஊருக்கே வந்துபோன காலத்தில் பிள்ளைகளாக இருந்தவர்கள்.

இண்டிபெண்டென்ஸ் என்ற ஊர் இதில் தனிக் கவனத்துக்கு உரியது. இன்று அங்கே சுமார் 8,500 பேர் வசிக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுற்றுவட்டாரத்தில் எண்ணெயும் எரிவாயுவும் கிடைத்ததால் ஊரில் பணம் புழங்கியது. பின்னாளில் சின்க்ளேர் எண்ணெய் நிறுவனத்தை நிறுவிய ஹாரி சின்க்ளேர் வளர்ந்ததும் எண்ணெய்த் தொழிலில் கால் வைத்ததும் இங்கேதான். கேன்சஸ் சிட்டியில் நாடகம் முடித்துவிட்டு டல்சாவுக்குப் போகும் பெரிய குழுக்கள் வழியில் ஓர் இரவு இங்கே இறங்கி ஆடிவிட்டுப் போவது வழக்கமாயிற்று. ஊரின் நினைவு மண்டபத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் இருக்கைகள். இன்ஜ் சேர்ந்திருந்த சாரணர் குழு அந்த மண்டபத்தில்தான் கூடியது. கூட்டம் முடிந்ததும் பையன்களை பால்கனியில் உட்கார்ந்து நாடகம் பார்க்க விடுவார்கள். சீருடை போட்ட பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், காசு கொடுக்காமல், நியூயார்க்கிலிருந்து வந்த நடிகர்களை மேலிருந்து பார்க்கிறான். ‘ஊரில் அப்படி என்ன இருந்தது’ என்ற கேள்விக்கு என்னிடம் உள்ள மிகத் துல்லியமான விடை அந்தப் பால்கனிதான்.

வில்லியம் இன்ஜ் 1913இல் பிறந்தார், ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. தந்தை ஊர் ஊராகச் சென்று சரக்கு விற்கும் விற்பனையாளர் என்பதால் வீட்டில் இருந்த நாட்கள் குறைவு. தாய் வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டார். பள்ளி ஆசிரியைகள் மூவர் அந்த வீட்டில் தங்கியிருந்தார்கள். மணமாகாத அந்தப் பெண்களின் பேச்சையும் சிரிப்பையும் ஏக்கத்தையும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்த பையன், பின்னாளில் தானும் பள்ளியிலும் கல்லூரியிலும் பாடம் நடத்தி, செயின்ட் லூயிஸில் ஒரு நாளிதழின் நாடக விமர்சகராக வேலை பார்த்து, அங்கே நாடக ஆசிரியர் டென்னசி வில்லியம்ஸின் நட்பைப் பெற்று, முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் நாடகம் எழுதத் தொடங்கினார். முதல் நாடகம் 1947இல் டல்லாஸில் மேடையேறியது. 1950, 1953, 1955, 1957 என்று வரிசையாக நான்கு நாடகங்கள் நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் வெற்றி பெற்றன. 1953இல் வந்த ‘பிக்னிக்’குக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது, 1961இல் வந்த ஒரு திரைப்படத்தின் கதைவசனத்துக்காக ஆஸ்கரும் கிடைத்தது.

‘பிக்னிக்’ நாடகத்தில் வாடகைக்குத் தங்கியிருக்கும் ரோஸ்மேரி என்ற நடுத்தர வயது ஆசிரியை வருகிறாள். கடைக்காரரான ஹோவர்டுடன் அவளுக்கு நீண்ட காலப் பழக்கம். தனக்கு ஆண்துணை தேவையே இல்லை என்பதுபோல நாடகத்தின் தொடக்கத்தில் பேசித் திரிகிற அவள், ஓர் இரவில் அவரிடம் மணந்துகொள்ளும்படி கெஞ்சி மண்டியிடுகிறாள். மறுநாள் காலை ஹோவர்ட் வருவது எப்படியாவது தட்டிக்கழிக்கத்தான். ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் சக ஆசிரியைகளும் வீட்டாரும் சூழ்ந்துகொண்டு வாழ்த்துச் சொல்லிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவரால் மறுக்க முடியாது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று நாம் சொல்வதை, ஒரு மனிதனின் எஞ்சிய வாழ்நாளையே தீர்மானிக்கும் விசையாக மாற்றி மேடையில் வைத்திருக்கிறார் இன்ஜ். பெரிய நகரத்தில் ஹோவர்ட் அடுத்த தெருவுக்குக் குடிமாறித் தப்பியிருப்பார். எல்லோரும் எல்லோரையும் அறிந்த இடத்தில் ‘மாட்டேன்’ என்ற ஒரு சொல்லுக்கு எவ்வளவு விலை என்பதை அறிந்தவரால்தான் இந்தக் காட்சியை எழுத முடியும். பெருநகரங்களில் வளர்ந்தவர்கள் மனிதர்களைப் பற்றி எப்படித்தான் தெரிந்துகொள்கிறார்களோ என்று தாம் வியப்பதுண்டு என இன்ஜ் சொல்லியிருக்கிறார். சிற்றூரில் ஒருவரையொருவர் அவ்வளவு நெருக்கமாக அறிந்துகொள்ள முடிகிறது என்பது அவர் கருத்து.

ஆனால் அந்த நெருக்கத்தின் மறுபக்கமும் அவர் வாழ்க்கையில்தான் இருக்கிறது. இன்ஜ் ஆண்களை நேசித்தவர். அதை வாழ்நாள் முழுவதும் மறைத்தே வாழ்ந்தார். மதுவோடும் மனச்சோர்வோடும் நெடுங்காலம் போராடி, பிந்தைய நாடகங்கள் தோற்றுப்போன வருத்தத்தோடு, 1973இல் லாஸ் ஏஞ்சலீஸில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய பாத்திரங்கள் ஒவ்வொருவரிடமும் வெளியே சொல்ல முடியாத ஏதோ ஒன்று இருப்பதற்கு இதைவிட நேரான காரணம் தேட வேண்டியதில்லை. அவர் உடல் இண்டிபெண்டென்ஸில் அடக்கம் செய்யப்பட்டது. கல்லறையில் பெயருக்கும் ஆண்டுகளுக்கும் அப்பால் ‘நாடக ஆசிரியர்’ என்ற ஒரே சொல்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது.

மண்டபம் மட்டும் இருந்தால் போதாது. நீ இதைச் செய்யலாம் என்று சொல்லும் ஓர் ஆள் வேண்டும். இண்டிபெண்டென்ஸ் உயர்நிலைப் பள்ளியில் அந்த ஆள் அன்னா இங்கிள்மேன் என்ற நாடக ஆசிரியை. இன்ஜுக்கும், அவருக்கு நான்கு ஆண்டு மூத்தவரான விவியன் வான்ஸுக்கும் நடிப்பின் அரிச்சுவடியைக் கற்றுத்தந்தவர் இவரே. வான்ஸ் பக்கத்து ஊரான செர்ரிவேலில் 1909இல் விவியன் ஜோன்ஸ் என்ற பெயரில் பிறந்து, சிறுமியாக இருக்கும்போதே இண்டிபெண்டென்ஸுக்குக் குடிவந்தவர். மத நம்பிக்கையில் கண்டிப்பான தாய்க்கு மகள் மேடையேறுவது பாவமாகப் பட்டது. குடும்பம் பின்னர் நியூ மெக்ஸிகோவின் அல்புகர்க்கி நகருக்குக் குடிபெயர்ந்தபோது, அங்கே புதிதாகத் தொடங்கியிருந்த ஊர் நாடகக் குழுவில் அவர் நடித்தார். அந்தக் குழுவினர் 1932இல் நிதி திரட்டி அவரை நியூயார்க்குக்கு அனுப்பி வைத்தார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ‘ஐ லவ் லூசி’ தொலைக்காட்சித் தொடரில் எதெல் மெர்ட்ஸாக நடித்து, சிறந்த துணை நடிகைக்கான எம்மி விருதை முதன்முதலாகப் பெற்றவர் ஆனார். அந்தத் தொடரில் எதெலின் சொந்த ஊர் அல்புகர்க்கி என்றே வைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். ஊர் கூடிக் கொடுத்த பணம் அவர் நினைவில் நின்றதன் அடையாளமாகவே நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

லூயிஸ் ப்ரூக்ஸும் செர்ரிவேலில் பிறந்தவர்தான், 1906இல். தந்தை வழக்கறிஞர், தாய் பியானோவில் டெபுஸி, ராவெல் ஆகிய பிரெஞ்சு இசையமைப்பாளர்களின் படைப்புகளை வாசித்தவர், புத்தகங்களில் மூழ்கியவர். மகள் சிறுமியாக இருந்தபோதே அக்கம்பக்கத்து ஊர்களின் சங்கக் கூட்டங்களிலும் சந்தைகளிலும் நடனம் ஆடினாள். பதினைந்து வயதில், 1922இல், நியூயார்க்கில் டெனிஷான் நடனக் குழுவில் சேர்ந்தார். 1929இல் ஜெர்மனியில் பாப்ஸ்ட் இயக்கத்தில் ‘பண்டோராஸ் பாக்ஸ்’ படத்தில் நடித்தார். மௌனப் படங்களின் உச்சங்களில் ஒன்றாக அதை இன்றும் பார்க்கிறோம். ஆனால் செர்ரிவேலைப் பற்றி அவருக்கு இனிய நினைவு மட்டும் இல்லை. ஒன்பது வயதில் அக்கம்பக்கத்து ஆள் ஒருவனால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதையும், அதைத் தெரிந்துகொண்ட தாய் தன் மீதே குறை சொன்னதையும் பிற்காலத்தில் வெளிப்படையாகப் பேசினார். திரை வாய்ப்புகள் அற்றுப்போய் 1940இல் கேன்சஸின் விச்சிட்டாவுக்குத் திரும்பி ஒரு நடனப் பள்ளி நடத்தியபோது, ஒரு காலத்தில் வெற்றி பெற்றதற்காகச் சிலர் பொறாமைப்பட்டார்கள், தோற்றுத் திரும்பியதற்காகச் சிலர் இகழ்ந்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். மூன்றாண்டுகளில் மறுபடியும் கிளம்பிவிட்டார். கடைசியில் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் குடியேறி, திரைப்படங்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள், நடிகை எழுதியவை என்ற சலுகை எதுவும் தேவைப்படாத அளவுக்குக் கூர்மையானவை. மண்ணின் மகள் என்று ஊர் கொண்டாடும்போது இந்தக் கசப்பான பக்கத்தை விட்டுவிடுவது அவருக்குச் செய்யும் அநீதி.

ஜான்சன் தம்பதியரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மார்ட்டின் இண்டிபெண்டென்ஸில் நகைக்கடைக்காரரின் மகனாக வளர்ந்தார். எழுத்தாளர் ஜாக் லண்டனின் படகில் 1907இல் தென்கடல் பயணம் போய்வந்து, அந்தப் படகின் பெயரிலேயே ஊரில் ஓர் அரங்கைத் திறந்து படம் காட்டினார். அருகிலிருந்த ஷனூட் ஊரைச் சேர்ந்த ஓசாவை 1910இல் மணந்தார். இருவரும் சேர்ந்து தென்கடல் தீவுகளிலும் ஆப்பிரிக்காவிலும் எடுத்த படங்கள் அமெரிக்கா முழுவதும் ஓடின. விலங்குகளைப் படமாக்கியதில் அவர்களின் துணிச்சலை மறுக்க முடியாது. அங்கு வாழ்ந்த மனிதர்களை அவர்கள் காட்டிய விதம் மட்டும் இன்று பார்க்கும்போது மனத்தை நோகடிக்கிறது. வேடிக்கைப் பொருளாகவே காட்டினார்கள். அவர்களுக்கான அருங்காட்சியகம் ஷனூட்டின் பழைய ரயில் நிலையக் கட்டிடத்தில் இருக்கிறது.

இதுவரை சொன்ன எல்லோரும் வெள்ளையர்கள். பால்கனியும் நாடக ஆசிரியையும் ஊர்க்காரர்களின் நிதியும் அவர்களுக்குக் கிடைத்தவை. கார்டன் பார்க்ஸின் கதை அந்த விளக்கத்தையே புரட்டிப் போடுகிறது.

பார்க்ஸ் 1912 நவம்பர் 30 அன்று ஃபோர்ட் ஸ்காட்டில், ஓர் ஏழைக் குடியானவரின் பதினைந்து பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தார். கறுப்பினக் குழந்தைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பிளாசா பள்ளியில் படித்தார். உயர்நிலைப் பள்ளியில் இரு இனத்தவரும் சேர்ந்து படித்தாலும், கறுப்பின மாணவர்கள் விளையாட்டு அணிகளிலும் பள்ளியின் கொண்டாட்டங்களிலும் சேர முடியாது. நீங்கள் கல்லூரிக்குப் போவது வீண் செலவு என்று ஓர் ஆசிரியை அவர்களிடம் சொன்னார். அன்னா இங்கிள்மேன் சொன்னதற்கு நேர் எதிரான சொல், அதே ஆண்டுகளில், அதே மாநிலத்தின் அதே மூலையில். பதினொரு வயதில் வெள்ளைச் சிறுவர்கள் மூவர் அவருக்கு நீந்தத் தெரியாது என்றெண்ணியே மார்மட்டன் ஆற்றில் தள்ளிவிட்டார்கள். நீருக்கடியிலேயே மூச்சை அடக்கி நகர்ந்து, அவர்கள் கண்ணில் படாமல் கரையேறினார். பதின்வயதில் தாய் இறந்ததும் மினசோட்டாவில் இருந்த அக்காவிடம் அனுப்பப்பட்டார். ரயிலில் பணியாளராகவும் இன்னும் கிடைத்த வேலைகளையெல்லாம் செய்தும் வாழ்ந்து, இருபத்தைந்து வயதையொட்டி ஓர் அடகுக்கடையில் முதல் கேமராவை வாங்கினார். 1948இல் ‘லைஃப்’ இதழின் முதல் கறுப்பின ஒளிப்படக் கலைஞராகப் பணியில் சேர்ந்தார்.

1950இல் அந்த இதழுக்காக அவர் செய்த வேலை எனக்கு எப்போதும் நெஞ்சில் தைப்பது. பிளாசா பள்ளியில் தம்முடன் படித்த பதினொரு பேரையும் தேடிக் கிளம்பினார். அவர்களில் ஃபோர்ட் ஸ்காட்டில் எஞ்சியிருந்தவர் ஒருவர் மட்டுமே. மற்றவர்கள் கேன்சஸ் சிட்டி, செயின்ட் லூயிஸ், கொலம்பஸ், டெட்ராய்ட், சிகாகோ என்று சிதறிப் போயிருந்தார்கள். என்ன வேலை, எவ்வளவு கூலி, எத்தனை பிள்ளைகள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் குறித்துக்கொண்டு, அவர்களை வீட்டு வாசலில் குடும்பத்தோடு நிறுத்திப் படம் எடுத்தார். அந்தக் கட்டுரையை இதழ் வெளியிடவே இல்லை. 2015இல்தான் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் அந்தப் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. இந்தத் தலைப்பில் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஊரைவிட்டுப் போய்ப் பெயர் பெற்றவரைப் பற்றியே எழுதுகிறோம். கூடப் படித்த மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று போய்ப் பார்த்தவர் பார்க்ஸ்.

பிறகு 1968இல், தம் இளமையை அடிப்படையாக வைத்துத் தாமே எழுதிய நாவலைப் படமாக்க அதே ஃபோர்ட் ஸ்காட்டுக்குத் திரும்பினார். 1969இல் வெளிவந்த ‘தி லேர்னிங் ட்ரீ’, பெரிய ஹாலிவுட் நிறுவனம் ஒன்றுக்காகக் கறுப்பினத்தவர் ஒருவர் இயக்கிய முதல் திரைப்படம். திரைக்கதை, தயாரிப்பு, இயக்கம், இசை எல்லாம் அவரே. பாதுகாக்க வேண்டிய படங்களுக்கான அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேடு 1989இல் தொடங்கியபோது தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் 25 படங்களில் இதுவும் ஒன்று. தம்மை ஒதுக்கிய தெருக்களிலேயே, அந்த ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, கேமராவுக்குப் பின்னால் நின்று அவர் உத்தரவிட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கிறது. 2006இல் இறந்தபோது, அவர் உடலை ஃபோர்ட் ஸ்காட்டில் பெற்றோரின் கல்லறைக்கு அருகிலேயே அடக்கம் செய்தார்கள்.

எனவே கேள்விக்கு நேராகச் சொல்வதென்றால், ஊரில் பிறப்பது தற்செயல். ஆனால் ரயில், மண்டபம், ஓர் ஆசிரியை, எல்லோரும் எல்லோரையும் கவனிக்கும் வாழ்க்கை ஆகிய நான்கும் தற்செயல் அல்ல. அவை கிடைத்தவர்களுக்கு வழி சற்று எளிதாயிற்று. மறுக்கப்பட்டவர்களில் பார்க்ஸைப் போல ஒருவர் தப்பி வந்தார். இண்டிபெண்டென்ஸ் இதை உணர்ந்த ஊர் என்றே நினைக்கிறேன். அங்குள்ள சமுதாயக் கல்லூரி 1982 முதல் இன்ஜ் பெயரில் நாடக விழா நடத்துகிறது. ஆர்தர் மில்லர், ஆகஸ்ட் வில்சன், ஸ்டீபன் சோண்ட்ஹைம் போன்ற அமெரிக்க நாடக உலகின் பெரியவர்கள் அந்தச் சிற்றூருக்கு வந்து மரியாதை பெற்றிருக்கிறார்கள். ஆசிரியைகள் குடியிருந்த இன்ஜின் வீட்டில் பிற்காலத்தில் நாடக ஆசிரியர்கள் வந்து தங்கி எழுதியிருக்கிறார்கள்.

எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்று கேட்டால், 1955இல் வந்த ‘பிக்னிக்’ படத்தையும் ‘தி லேர்னிங் ட்ரீ’யையும் அடுத்தடுத்த இரு மாலைகளில் பாருங்கள். முதல் படம் ஹட்சின்சன், ஹால்ஸ்டெட், சலைனா முதலிய கேன்சஸ் ஊர்களிலேயே எடுக்கப்பட்டது. அதில் வரும் வீட்டுப் பின்புறத் தோட்டங்களையும் ஊர்த் திருவிழாவையும் பார்த்துவிட்டு, மறுநாள் பார்க்ஸின் படத்தில் வரும் தெருக்களையும் ஆற்றங்கரையையும் பாருங்கள். முதல் படத்தின் ஊருக்குள் யார் யாரெல்லாம் கண்ணில் படவே இல்லை என்பது அப்போது தெரியும்.